பழைய பிக்கப் வாங்கும்போது: சின்ன வண்டி உண்மையிலேயே மிச்சம் பிடிக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஒஹையோவில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். தோட்ட மண், பலகை, பழைய சாமான் ஏற்ற ஒரு பிக்கப் வேண்டும். வேலைக்கும் அதிலேயே போவீர்கள், ஒரு வழிக்கு 25 மைல், பெரும்பாலும் ஹைவே. நடுத்தர அளவு 2012 டொயோட்டா டக்கோமா வி6 (ஆறு சிலிண்டர்) ஒன்றும் முழு அளவு 2012 செவர்லே சில்வராடோ 5.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறீர்கள். இரண்டும் நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், ஆட்டோமேட்டிக். டக்கோமாவுக்கு 3,000 டாலர் அதிகம் கேட்கிறார்கள். "நடுத்தர அளவு வண்டிதான் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும்" என்கிறார்கள் நண்பர்கள். சில்வராடோ விற்பவரோ "ரெண்டும் ஒண்ணுதான் குடிக்கும்" என்கிறார். எது சரி என்று கேட்கிறீர்கள். உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: அந்த 3,000 டாலர் பெட்ரோலில் திரும்பி வருமா? வராது. ஏன் என்றுதான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்பது. மிச்சிகனில் பல ஆண்டுகளாக எஞ்சின் சோதனைக்கூடத்தில் வேலை. வண்டியை உருளைகளின்மேல் ஏற்றி, குறிப்பிட்ட வேகப் பட்டியல்படி ஓட்டி, புகையை அளந்து, எவ்வளவு எரிந்தது என்று கணக்கிடுகிற இடம். ஆகவே பெட்ரோல் எங்கே போகிறது என்பதில் நான் சொல்வதை நம்பலாம். மெக்கானிக் வேலையில் நான் அரைகுறை. பழைய வண்டிச் சந்தை விலை பற்றி என் பேச்சை யாரும் கேட்க வேண்டாம்; சொந்தமாக வாங்கிய மூன்றில் இரண்டுக்கு அதிக விலை கொடுத்தவன் நான்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இபிஏ, தரும் மதிப்பீட்டில் உங்கள் 2012 டக்கோமா கேலனுக்கு நகரில் 16 மைல், ஹைவேயில் 21, கலந்து ஓட்டினால் 18. உங்கள் 2012 சில்வராடோ நகரில் 15, ஹைவேயில் 21, கலந்து 17. ஹைவே எண்ணை இன்னொரு முறை பாருங்கள். இரண்டும் 21. ஏறக்குறைய 500 கிலோ எடை அதிகம், அரையடிக்குக் கொஞ்சம் குறைவாக அகலம் அதிகம், இரண்டு சிலிண்டர் அதிகம், ஆனாலும் ஹைவேயில் அதே எண். இவை முழு எண்ணாகத் திருத்தப்பட்டவை என்பதால் உள்ளே அரை மைல் முன்பின் ஒளிந்திருக்கலாம். அதற்கு மேல் இல்லை.

இதை டாலராக மாற்றிப் பார்ப்போம். ஆண்டுக்கு 12,000 மைல் என்று வையுங்கள். உங்கள் வேலைப் பயணமே அந்த அளவு வந்துவிடும். கேலனுக்கு 18 மைல் என்றால் 667 கேலன், 17 மைல் என்றால் 706 கேலன். வித்தியாசம் 39 கேலன். கேலன் 3 டாலர் என்று போட்டால் ஆண்டுக்கு 120 டாலர்கூட இல்லை. 3,000 டாலரை இந்த வழியில் திருப்பி எடுக்க 25 ஆண்டு ஆகும். 2012 வண்டி அதுவரை ஓடினால் எனக்கும் ஒரு போட்டோ அனுப்புங்கள்.

அப்படியானால் நண்பர்கள் ஏன் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை, வேறு ஆண்டைச் சொல்கிறார்கள். இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: பழைய பிக்கப்களில் பெட்ரோல் செலவைத் தீர்மானித்தது அளவைவிட எஞ்சினும் கியர்பாக்ஸும் பிறந்த ஆண்டுதான். 2008 ஃபோர்டு எஃப்-150 நான்கு சக்கர இயக்கம், 5.4 லிட்டர் வி8, நான்கு கியர் ஆட்டோமேட்டிக் எடுத்துக்கொண்டால் நகரில் 13, ஹைவேயில் 17. கலந்து பார்த்தால் பதினாலரை சுமாருக்கு வரும். அதை டக்கோமாவோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 160 கேலன் அளவு வித்தியாசம், ஏறக்குறைய 480 டாலர். அந்தக் காலத்தில் பெரிய டிரக் வைத்திருந்தவருக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். உங்கள் நண்பர்களின் நினைவில் இருப்பது அந்த யானை.

அதன்பிறகு நடந்ததுதான் சுவாரசியம். பெரிய டிரக்குகள் மாறிக்கொண்டே வந்தன. 2009-ஐ ஒட்டி ஆறு கியர் ஆட்டோமேட்டிக் பரவலானது. 2011-ல் எஃப்-150 தன் எஞ்சின் வரிசையையே மாற்றியது, அதில் 3.7 லிட்டர் வி6 இரண்டு சக்கர இயக்க வண்டி நகரில் 17, ஹைவேயில் 23 என்று வந்து, டக்கோமா வி6 இரண்டு சக்கர வண்டியின் 17, 21-ஐ ஹைவேயில் முந்திவிட்டது. இன்னொரு பெரிய டிரக்கான 2013 ராம் 1500, வி6 இரண்டு சக்கர இயக்கம், எட்டு கியரோடு 17, 25. 2014 சில்வராடோ 5.3 நான்கு சக்கர வண்டி கலந்து 18, அதாவது டக்கோமாவுக்குச் சமம். டக்கோமாவோ 2005-லிருந்து 2015 வரை அதே 4.0 லிட்டர் வி6, அதே ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. உழைப்பில் அந்த எஞ்சின் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தது. ஆனால் சிக்கனத்தில் அது நின்ற இடத்திலேயே நின்றது, மற்றவை நடந்து வந்து சேர்ந்துகொண்டன.

ஏன் நின்றது என்றால் சின்ன, நடுத்தர டிரக்குகளில் துரத்த ஆள் குறைந்துபோனது. ஃபோர்டு ரேஞ்சர் செய்துவந்த மினசோட்டா செயின்ட் பால் ஆலை 2011 டிசம்பரில் மூடப்பட்டது. டாட்ஜ் டக்கோட்டா 2011-லும் பழைய செவர்லே கொலராடோ 2012-லும் முடிந்துபோயின. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாம் என்றால் 1964 முதல் இறக்குமதி பிக்கப்புக்கு 25 விழுக்காடு வரி. கோழி இறைச்சி ஏற்றுமதித் தகராறில் பிறந்த அந்த வரியை இங்கே இன்னும் 'கோழி வரி' என்றே சொல்கிறார்கள். இது போதாதென்று, எரிபொருள் சிக்கன விதியும் சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பை வைத்து இலக்கு நிர்ணயிக்கும் முறைக்கு மாறியது. வண்டி பெரிதானால் இலக்கு தளரும். சின்ன டிரக்கைச் செதுக்கிச் செதுக்கிச் சிக்கனமாக்க யாருக்கு ஆர்வம் இருக்கும்? விற்பனை பெரிய டிரக்கில், பணம் பெரிய டிரக்கில், அதனால் புது எஞ்சினும் அங்கேதான் போனது. 2015 கொலராடோவும் 2016 டக்கோமாவும் வந்த பிறகுதான் நடுத்தர வி6 நான்கு சக்கர வண்டிகள் கலந்து 20 என்ற எண்ணைத் தொட்டன.

எடை 500 கிலோ அதிகமிருந்தும் ஹைவேயில் எப்படி ஒரே எண் வருகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நகரில் ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்தி எடுக்கும்போது அந்த எடையை மறுபடி மறுபடி வேகப்படுத்த வேண்டும். போட்ட சக்தியெல்லாம் பிரேக்கில் சூடாகப் போய்விடும். அங்கே எடை வலிக்கும். அதனால்தான் நகர எண்ணில் டக்கோமா ஒரு மைல் முன்னே நிற்கிறது. ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போது எடைக்கு வேலை குறைவு. டயர் உருளும் தடை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அங்கே எதிரி காற்று. பிக்கப் என்பது காற்றை முகத்தில் அறைந்துகொண்டு போகிற பெட்டி; சின்னதும் அப்படித்தான், பெரியதும் அப்படித்தான். முகப்புப் பரப்பில் டக்கோமாவுக்குக் கொஞ்சம் லாபம் உண்டு. அந்த லாபத்தை அதன் கியர் அமைப்பு தின்றுவிடுகிறது.

70 மைல் வேகத்தில் சமதரையில் ஓட இந்த இரண்டு வண்டிக்கும் தேவைப்படுவது ஏறக்குறைய 35-லிருந்து 45 குதிரைத்திறன். டக்கோமா எஞ்சினிடம் இருப்பது 236, சில்வராடோவிடம் 315. ஆக இரண்டுமே சோம்பலாக ஓடுகின்றன. பெட்ரோல் எஞ்சின் சோம்பலாக ஓடும்போதுதான் வீணடிக்கும். காற்று நுழையும் வாசலைப் பாதி அடைத்து வைத்துக்கொண்டு, அதன் வழியாக இழுத்து இழுத்து மூச்சு வாங்குகிற நிலை. சில்வராடோ இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: சுமை குறைந்தால் எட்டில் நான்கு சிலிண்டரை மூடிவிடும். 5.3 லிட்டர் அப்போது 2.65 லிட்டராக ஓடும், அந்த நான்கும் நன்றாக மூச்சு விடும். கூடவே ஆறாவது கியரில் எஞ்சின் சுற்றும் குறைவு. டக்கோமாவில் ஆறு சிலிண்டரும் எப்போதும் வேலையில் இருக்கும், சுற்றும் அதிகம். 4.0 லிட்டர் என்பது சின்ன எஞ்சினும் இல்லை. 'நடுத்தரம்' என்ற பெயரைப் பார்த்து நாம்தான் ஏமாறுகிறோம். ஊரில் டாடா ஏஸுக்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தோமே, அந்தக் கணக்கில் டக்கோமா குட்டியே இல்லை, நன்றாக வளர்ந்த யானை.

சின்ன வண்டி உண்மையிலேயே மிச்சம் பிடிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. நான்கு சிலிண்டர், இரண்டு சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர். 2011 ரேஞ்சர் 2.3 லிட்டர் நகரில் 22, ஹைவேயில் 27. டக்கோமா 2.7 லிட்டர் 21, 25. அந்த ரேஞ்சரைச் சில்வராடோவோடு வைத்தால் ஆண்டுக்கு 200 கேலன் மிச்சம், 600 டாலருக்கு மேல். அது பணம். ஆனால் உங்களுக்குப் பின்சீட்டில் பிள்ளைகள் உட்கார வேண்டும், பனியில் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும் என்கிறீர்கள். அந்தத் தேவைகளைச் சேர்க்கச் சேர்க்க இந்த மிச்சம் கரைந்துவிடும்.

எண்களைப் படிப்பதில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, 2008-க்கு முந்தைய வண்டியின் பழைய மைலேஜ் ஸ்டிக்கரையோ அந்தக் காலத்து விளம்பரத்தையோ புதிய எண்ணோடு ஒப்பிடாதீர்கள். 2008 மாடலிலிருந்து இபிஏ கணக்கிடும் முறையை மாற்றியது. வேகமான ஓட்டம், ஏசி, குளிரில் கிளப்புவது எல்லாம் சேர்ந்தன. சராசரியாக நகர எண் 12 விழுக்காடும் ஹைவே எண் 8 விழுக்காடும் இறங்கின. "என் 2005 வண்டி ஸ்டிக்கரில் அதிகமாகப் போட்டிருந்தது" என்று ஒருவர் சொன்னால் அவர் பழைய தராசில் நிறுத்தியதைச் சொல்கிறார். பழைய வண்டிகளுக்கும் புதிய முறைப்படி திருத்திய எண்களை இபிஏ தளம் தருகிறது. அதை மட்டும் பாருங்கள். இன்னொன்று, 2500 ரக சில்வராடோவோ எஃப்-250 போன்ற கனரக பிக்கப்போ யாராவது காட்டினால் அதற்கு இபிஏ எண்ணே கிடையாது. வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டைத் தாண்டினால் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லை. அங்கே விற்பவர் சொல்வதுதான் எண். அதற்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும்.

கேலனுக்கு இத்தனை மைல் என்ற அளவே கொஞ்சம் ஏமாற்றுகிற அளவு. 14-லிருந்து 16-க்கு ஏறினால் இரண்டு மைல்தான். 24-லிருந்து 28-க்கு ஏறினால் நான்கு மைல். எதில் மிச்சம் அதிகம்? முதலாவதில். நூறு மைலுக்கு முதலாவது 0.89 கேலனை மிச்சப்படுத்தும், இரண்டாவது 0.6 கேலனைத்தான். ஊரில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசுவதிலும் இதே கோளாறு உண்டு. குறைந்த மைலேஜ் வண்டிகளை ஒப்பிடும்போது நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள், மனசு தெளிந்துவிடும்.

மனசு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. சில்வராடோவின் டேங்க் 26 கேலன், டக்கோமாவுடையது 21. பெரிய டிரக்காரர் பங்க்கில் நிற்கும்போது மீட்டர் 75 டாலரைத் தாண்டி ஓடுவதைப் பார்க்கிறார், சின்ன டிரக்காரர் 60 சொச்சத்தில் நிறுத்துகிறார். வலி நினைவில் தங்கும். எத்தனை நாளுக்கு ஒருமுறை போட்டோம் என்பது தங்காது. நண்பர்களின் கணக்கில் பாதி இதுதான் என்பது என் சந்தேகம்.

இனி, நான் உறுதியாகச் சொல்ல முடியாதவை. நீங்கள் பார்த்த அந்த இரண்டு வண்டிகளும் புதிதாக இருந்தபோது கொடுத்ததை இப்போதும் கொடுக்குமா என்பது அவற்றை எப்படி வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. இத்தனை வயதான வண்டியில் பராமரிப்பு வித்தியாசம் அந்த ஒரு மைல் வித்தியாசத்தைச் சுலபமாக விழுங்கிவிடும். தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் எஞ்சின் சரியாகச் சூடேறாமல் கூடுதலாகக் குடிக்கும். வெப்ப முள் நடுவுக்கு வருகிறதா என்று ஓட்டிப் பார்க்கும்போது கவனியுங்கள். பிரேக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் பத்து மைல் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும். கையைக் கிட்டக் கொண்டுபோனாலே தெரியும், தொட வேண்டாம். ஆக்ஸிஜன் சென்சார் தளர்ந்திருந்தால் எஞ்சின் விளக்கு எரியலாம், எரியாமலும் போகலாம். ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இந்த வண்டிகளில் அதனால் வேகமெடுப்பு மாறும், மைலேஜ் மாறாது.

டயரைக் கட்டாயம் பாருங்கள். டக்கோமா வாங்குகிற இளைஞர்களில் பாதிப்பேர் முதலில் செய்வது வண்டியைத் தூக்கிப் பெரிய டயர் போடுவது. 265/70 ஆர்16 டயர் வெளிவிட்டம் 30.6 அங்குலம், 285/75 ஆர்16 போட்டால் 32.8. மைல் மீட்டர் அப்போது 7 விழுக்காடு குறைத்துக் காட்டும். வேகம் குறைவாகத் தெரியும், மைலேஜும் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். பெரிய டயர் போட்ட பிறகு ஓடிய தூரமும் மைல் மீட்டரில் அதே அளவு குறைவாகத்தான் ஏறியிருக்கும். இதைத் தவிர எடை, காற்றுத் தடை, டயரின் முரட்டு மேடுபள்ளம் எல்லாம் சேர்ந்து உண்மையான இழப்பும் இருக்கும். அந்த இழப்பு எவ்வளவு என்பதில் ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். அளந்த முறையைக் கேட்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

அந்தச் சில்வராடோ இ85, அதாவது எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோல், ஏற்கும் வகையாக இருந்தால், பங்க்கில் மலிவாக இருக்கிறதே என்று அதைப் போட்டுவிட்டு மைலேஜ் போச்சு என்று புலம்பாதீர்கள். எத்தனாலில் ஆற்றல் குறைவு. மைலேஜ் 15-லிருந்து 27 விழுக்காடு வரை இறங்கும். விலை அந்த அளவு குறைந்திருந்தால் மட்டுமே கட்டும். ஒஹையோ குளிரும் சும்மா விடாது: மைனஸ் 7 டிகிரி செல்சியஸில் நகர ஓட்டத்தில் 15 விழுக்காடு அளவு போய்விடும். வேகமும் அப்படித்தான். 65-லிருந்து 75-க்கு ஏறினால் காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்கு கூடும். நீங்கள் தினம் 75-ல் போகிறவராக இருந்தால் எந்த வண்டி என்ற கேள்வியைவிட அந்தப் பத்து மைல்தான் உங்கள் பெட்ரோல் செலவைத் தீர்மானிக்கும். பின்னால் உள்ள சரக்குத் தொட்டியின் கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால் காற்று தடையின்றிப் போகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு மூடியே ஓட்டுங்கள். மூடியிருக்கும்போது தொட்டிக்குள் காற்று சுழன்று ஒரு மெத்தைபோல நின்றுவிடும், மேலே போகிற காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

பெட்ரோலை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது உங்கள் வேலை. பலகை ஏற்றுவேன் என்கிறீர்கள். 4-க்கு 8 அடி பிளைவுட் சில்வராடோவில் இரண்டு சக்கர வளைவுகளுக்கும் நடுவே தரையில் படுக்கும். டக்கோமாவில் அந்த இடைவெளி 48 அங்குலம் இல்லை. வளைவுகளின்மேல்தான் வைக்க வேண்டும். அதற்கு மாறாக, நான்கு கதவு சில்வராடோ நீளம் 19 அடிக்கு மேல், டக்கோமா சின்னத் தொட்டி வண்டி பதினேழேகால் அடி. புது வீட்டின் காராஜ் உள்நீளத்தை டேப் வைத்து அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். விளம்பரத்தில் போட்ட அளவை நம்பாதீர்கள், என் காராஜில் அலமாரி போட்ட பிறகு ஒரு அடி காணாமல் போனது.

டக்கோமா பக்கம் மனசு சாய்ந்தால் கீழே படுத்து சட்டகத்தைப் பாருங்கள். 2005-லிருந்து 2010 வரையிலான டக்கோமாக்களின் சட்டகத் துருப் பிரச்சினை நீதிமன்றம் வரை போய் 2016-ல் சமரசம் ஆனது. உங்களுடையது 2012, அந்த வரிசையில் வராது. ஆனாலும் ஒஹையோ சாலை உப்பு ஆண்டு பார்த்துக் கடிப்பதில்லை. சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீர் என்கும், அரித்த இரும்பு மொத்தென்று விழும். சில்வராடோவுக்கும் இதே சுத்தியல்தான்.

எதை வாங்கினாலும் முதல் மாதத்தில் டாஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பாமல் நீங்களே கணக்கிடுங்கள். ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், முதல் 'டக்' சத்தத்தில் நிறுத்திவிடுங்கள், திணிக்க வேண்டாம். ஓடிய மைலை அடுத்த முறை போட்ட கேலனால் வகுத்தால் போதும். ஒரு டேங்க் கணக்கு எதையும் சொல்லாது. நான்கைந்து டேங்க் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். என் பழைய நோட்டில் ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே ஓட்டுநர், அடுத்தடுத்த இரண்டு டேங்குக்கு ஒன்றரை மைல் வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் கேட்ட இரண்டு வண்டிகளுக்கும் இடையே இருப்பதைவிட அது அதிகம்.